கடை கைமாறியது, அலமாரி யாருக்கு?

காசு கொடுத்து ஒரு புத்தகம் வாங்குகிறோம். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடை வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. புதிய முதலாளி நம் வீட்டுக்கே வந்து அலமாரியைத் திறக்கிறார். புத்தகங்களைத் தம் விருப்பப்படி வேறு வரிசையில் அடுக்குகிறார். "இனி இப்படித்தான் படிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் டிஜிட்டல் காமிக்ஸ் படிக்கும் லட்சக்கணக்கான வாசகர்களுக்கு இது வேடிக்கை அல்ல, நடந்த கதை. அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் வாசகர்களைப் பெற்ற 'காமிக்ஸாலஜி' என்ற நிறுவனம் 2014ஆம் ஆண்டு அமேசான் கம்பெனியின் கைக்கு மாறியது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்குள் அதன் கடை, வாசகசாலை, பெயர்ப்பலகை ஒவ்வொன்றாக மறைந்தன. வாங்கிய புத்தகங்கள் மட்டும் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டன. இந்த மாற்றத்தை வாசகர்கள் எப்படிச் சமாளித்தார்கள், அதில் கற்றது என்ன என்பது, செல்போனில் புத்தகமோ பாட்டோ படமோ வாங்கும் எல்லோருக்கும் பயன்படக்கூடிய செய்தி.

கட்டம் கட்டமாக ஒரு புதுமை

டேவிட் ஸ்டைன்பெர்கர், ஜான் ராபர்ட்ஸ், பீட்டர் ஜாஃபி ஆகிய மூவர் சேர்ந்து 2007ஆம் ஆண்டு நியூயார்க்கில் காமிக்ஸாலஜியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் புதன்கிழமைதோறும் கடைக்கு வருவது நெடுங்கால வழக்கம். எந்த வாரம் எந்த இதழ் வரும், எதை எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று வாசகர்கள் பட்டியல் போட்டுக்கொள்ள உதவுவதே முதலில் இந்த நிறுவனத்தின் வேலையாக இருந்தது.

2009 ஜூலையில் ஐபோனுக்கு அவர்கள் ஒரு செயலியை வெளியிட்டார்கள். காமிக்ஸ் பக்கம் பெரியது. போன் திரையோ உள்ளங்கை அளவு. பக்கத்தைச் சுருக்கினால் எழுத்து தெரியாது. பெரிதாக்கினால் படம் முழுதாகத் தெரியாது. இதற்கு அவர்கள் கண்ட வழிதான் 'கைடட் வியூ'. விரலால் ஒருமுறை தட்டினால் முதல் கட்டம் திரை முழுவதும் நிற்கும். மறுமுறை தட்டினால் அடுத்த கட்டத்துக்கு நகரும். கதை சொல்பவர் விரல் வைத்துக் காட்டுவதுபோலப் படம் தானே நகர்ந்து கதை சொல்லும்.

2010இல் ஐபேட் வந்ததும் திரையின் குறையும் நீங்கியது. 2011 செப்டம்பரில் டி.சி. நிறுவனம் தன் இதழ்கள் அனைத்தையும் புதிதாக ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியபோது, காகித இதழ் கடைக்கு வரும் அதே நாளில் டிஜிட்டல் பிரதியும் விற்பனைக்கு வந்தது. அருகில் காமிக்ஸ் கடையே இல்லாத ஊர்களில் இருந்தவர்களுக்கும், கடல் கடந்து இருந்தவர்களுக்கும் அது பெரிய வரப்பிரசாதம். 2013 மார்ச்சில் மார்வல் நிறுவனம் 700க்கு மேற்பட்ட முதல் இதழ்களை இந்தச் செயலி வழியாக இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஒரே நேரத்தில் முண்டியடித்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சர்வர்கள் திணறின. சலுகையையே தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வாசகர்களின் ஆர்வம் அப்படி இருந்தது.

இடம் மிச்சமாகும், தூசி படியாது, வீடு மாறும்போது பெட்டி கட்ட வேண்டாம் என்று நம்பிப் பலர் தங்கள் சேகரிப்பு முழுவதையும் டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டில் இடநெருக்கடியோடு வாழ்பவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும். ஒரு தொடரின் நூறு இதழ்களும் ஒரு சிறிய கருவிக்குள் அடங்கிவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

முதல் அதிர்ச்சி

2014 ஏப்ரல் 10ஆம் தேதி, காமிக்ஸாலஜியை வாங்குவதாக அமேசான் அறிவித்தது. எதுவும் மாறாது என்றே வாசகர்களில் பலர் நினைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே முதல் மாற்றம் வந்தது.

ஐபோன், ஐபேட் செயலிகளுக்குள் ஒரு பொருளை விற்றால், விலையில் 30 சதவீதத்தை ஆப்பிள் கம்பெனி கமிஷனாக எடுத்துக்கொள்வது அன்றைய விதி. 3 டாலர் 99 சென்ட் விலையுள்ள ஓர் இதழில் ஏறத்தாழ 1 டாலர் 20 சென்ட் ஆப்பிளுக்குப் போய்விடும். இந்தக் கமிஷனைத் தவிர்க்க, ஆப்பிள் கருவிகளுக்கான செயலியிலிருந்து கடையையே புதிய நிர்வாகம் எடுத்துவிட்டது. வாசகர்கள் புதிய செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். இணையதளத்துக்குப் போய்ப் பணம் கட்டி வாங்க வேண்டும். பிறகு செயலிக்குத் திரும்பி வந்து படிக்க வேண்டும். தொந்தரவுக்கு ஈடாக 5 டாலர் வரவு வைக்கப்பட்டது.

பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் ஓர் இதழைப் படித்து முடித்ததும், அடுத்தது என்ன ஆகிறதோ என்ற துடிப்பில் அந்த இடத்திலேயே அடுத்த இதழை வாங்குவதுதான் தொடர்கதை வாசகனின் இயல்பு. அந்தச் சங்கிலி அறுந்தது. 'பனிஷர்' பாத்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் ஜெர்ரி கான்வே இந்த மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். காமிக்ஸ் கடைப் பக்கமே போகாத புதிய வாசகர்கள் போகிற போக்கில் வாங்கிப் பார்ப்பதற்கு இருந்த வழி அடைபடுகிறது என்பது அவருடைய கவலை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ஆப்பிளுக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றம் அளித்த உத்தரவுக்குப் பிறகு, அமெரிக்காவில் ஐபோன் கிண்டில் செயலியிலிருந்து அமேசான் கடைக்கு நேராகப் போகும் பொத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு பெரிய கம்பெனிகளின் கணக்கு வழக்கு ஓரளவு தீர 11 ஆண்டுகள் ஆயின. இடையில் அலைந்தவர்கள் வாசகர்கள்தான்.

நல்லதும் நடந்தது

கைமாறிய பின் எல்லாமே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜூலையில் வாசகர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்த ஒரு சலுகையைக் காமிக்ஸாலஜி அறிவித்தது. இமேஜ், டைனமைட், டாப் ஷெல்ஃப் போன்ற சில பதிப்பகங்களின் நூல்களைப் பூட்டு இல்லாத கோப்பாக இறக்கிச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்பதே அது.

'பூட்டு' என்பது இங்கே ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு. டி.ஆர்.எம். என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பூட்டு உள்ள புத்தகம், விற்ற கம்பெனியின் செயலியில் மட்டும், அதன் அனுமதி இருக்கும்வரை மட்டும் திறக்கும். பூட்டு இல்லாத பி.டி.எப்., சி.பி.இசட். கோப்புகளோ எந்தக் கருவியிலும் திறக்கும். கடை மூடினாலும் திறக்கும். பெரிய பதிப்பகங்களான மார்வலும் டி.சி.யும் இந்தச் சலுகையில் சேரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2016 மே மாதம், மாதம் 5 டாலர் 99 சென்ட் சந்தாவில் ஆயிரக்கணக்கான காமிக்ஸ்களைப் படிக்கும் திட்டமும் வந்தது. 2018இல் நிறுவனம் தன் சொந்த வெளியீடுகளையும் தொடங்கியது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பழைய பெயரும் பழைய கடையும் நீடித்தன. வாசகர்களும் பழகிக்கொண்டார்கள்.

2022: கடை மறைந்தது

காமிக்ஸாலஜியின் கடையைத் தன் பெருங்கடையோடு சேர்க்கப்போவதாக 2021 செப்டம்பரில் அமேசான் அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அது நடந்தேறியது. காமிக்ஸாலஜி இணையதளத்தின் முகவரியைத் தட்டினால் அமேசானின் பக்கம் வந்தது. செயலியும் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டிருந்தது.

வாசகர்களின் கொதிப்புக்கு அளவில்லை. பழைய கடையில் எழுத்தாளர், ஓவியர், பதிப்பகம், தொடர் என்று பிரித்துத் தேட முடிந்தது; இதழ்கள் எண் வரிசையில் நின்றன. செருப்பும் சீப்பும் விற்கும் பெருங்கடையில், ஒரு தொடரின் ஏழாவது இதழுக்கு அடுத்த எட்டாவது இதழைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. ஆயிரக்கணக்கான இதழ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் அலமாரி, கிண்டிலில் வாங்கிய நாவல்களோடும் சமையல் புத்தகங்களோடும் கலந்து நின்றது. கம்ப்யூட்டர் திரையில் படித்தவர்களுக்கு இரண்டு பக்கங்களுக்கு விரியும் பெரிய படங்கள் துண்டுபட்டுத் தெரிந்தன.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. நாவலில் எழுத்து எந்த அளவில் இருந்தாலும் வாக்கியம் மாறாது. காமிக்ஸில் பக்க அமைப்பே கதையின் ஒரு பகுதி. பக்கத்தைப் புரட்டியதும் திடீரென்று விரியும் இரட்டைப் பக்கப் படம் வாசகரைத் திகைக்கவைப்பதற்காகவே வரையப்படுகிறது. அதை நடுவில் வெட்டினால் ஓவியரின் உழைப்பு வீணாகிறது. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது வசதி அல்ல, தேவை. புகார்களுக்குப் பின் அமேசான் சில திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்தது. ஆனாலும் பழைய கடை திரும்பி வரவில்லை. இணைப்புக்குப் பிறகு புதிதாக வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாப் பிரதி என்ற அந்தப் பழைய சலுகையும் கிடைக்கவில்லை.

2023 ஜனவரியில் அமேசான் கம்பெனி மொத்தம் 18,000 பேருக்கு மேல் ஆட்குறைப்பு செய்வதாக அறிவித்தபோது, காமிக்ஸாலஜியின் ஊழியர்களிலும் பலர் வேலை இழந்தனர். நிறுவனர்களில் ஒருவரான ஸ்டைன்பெர்கர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார். 2023 டிசம்பர் 4ஆம் தேதி காமிக்ஸாலஜி செயலியும் கிண்டில் செயலிக்குள் கரைந்தது. பதினான்கு ஆண்டுகளாக வாசகர்களின் போனில் இருந்த அந்தச் சிறிய சின்னம் அன்றோடு வேலையற்றுப் போயிற்று.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வாங்கிய காமிக்ஸ்களை அமேசான் பறிக்கவில்லை. அவை கிண்டில் கணக்குக்கு மாற்றப்பட்டன. மறைந்தது, அந்தப் புத்தகங்களுக்காகவே கட்டப்பட்ட வாசகசாலை.

முழுதாக இழந்தவர்களும் உண்டு

வேறு சில கடைகளின் வாசகர்களுக்கு இந்த அளவு அதிர்ஷ்டம்கூட இல்லை. ஜப்பானியப் பதிப்பகங்கள் பல ஒன்று சேர்ந்து, ஆங்கில வாசகர்களுக்காக 2011இல் 'ஜேமாங்கா' என்ற சேவையைத் தொடங்கின. 2013 மார்ச்சில் அதை மூடுவதாக அறிவிப்பு வந்தது. அங்கே வாங்கியவற்றைத் தனியே இறக்கி வைத்துக்கொள்ள வழி இல்லை. அவர்களுடைய தளத்தில்தான் படிக்க வேண்டும். அந்த ஆண்டு மே 30ஆம் தேதியோடு, காசு கொடுத்து வாங்கிய மாங்காக்களையும் வாசகர்கள் படிக்க முடியாமல் போயிற்று.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் புத்தகங்கள் மறைந்தன. 2009 ஜூலையில், அதாவது காமிக்ஸாலஜியின் செயலி வெளிவந்த அதே மாதம், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில பிரதிகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது. ஆனால் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப்போன ஒரு மாணவர் வழக்கே போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. அமேசானின் தலைவர் ஜெஃப் பெஸோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆக, கைமாறுவது, மூடுவது, நீக்குவது என்று மூன்று விதமான ஆபத்துகள். மூன்றுக்கும் மூலகாரணம் ஒன்றுதான்.

வாங்கியது எது?

நம்மவர்கள் காகித காமிக்ஸில் இதற்கு நேர் எதிரான அனுபவத்தைப் பெற்றவர்கள். 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் 1990இல் நின்றது. 1984இல் வந்த ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. வெளியீடு நின்றதே தவிர, பிரதிகள் யார் வீட்டுப் பெட்டியிலிருந்தும் மறையவில்லை. பெங்களூர் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் தேடினால் எப்போதோ நின்றுபோன இதழ்கள் இன்றும் கைக்குக் கிடைப்பதுண்டு. பதிப்பாளர் யார், முதலாளி யார் என்பது அந்தப் பிரதிக்குத் தெரியாது. அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம்.

டிஜிட்டல் பிரதியில் இந்த உரிமைகள் இல்லை. வாசகர் வாங்குவது புத்தகம் அல்ல, படிப்பதற்கான லைசென்ஸ். பொத்தானில் 'வாங்கு' என்று போட்டிருந்தாலும், நிபந்தனைகளில் 'விற்கப்படவில்லை, உரிமம் அளிக்கப்படுகிறது' என்ற பொருளில் எழுதியிருக்கும். டிஜிட்டல் பாட்டுக் கோப்புகளைப் பழைய பொருள் போல மறுவிற்பனை செய்ய முயன்ற 'ரீடிஜி' என்ற நிறுவனம் மீது நடந்த வழக்கில், அது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய டிஜிட்டல் புத்தகக் கடை என்று ஒன்று எந்தத் தெருவிலும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகர்களின் முறையீடு முற்றிலும் வீண்போகவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று விளம்பரம் செய்யும் விற்பனையாளர், அது வெறும் லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடைக்காரரின் கையைக் கட்டும் சட்டம் அல்ல அது. ஆனால் வாசகரின் கண்ணைத் திறக்கும் சட்டம் என்று சொல்லலாம்.

வாசகர்கள் கண்ட வழிகள்

கோபம் தணிந்த பின் வாசகர்கள் பல வழிகளில் பிரிந்தார்கள். வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு.

முதல் வகையினர் அங்கேயே தங்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான டாலர் போட்டுச் சேர்த்ததை விட்டு எங்கே போவது? புதிய செயலியில் காமிக்ஸை மட்டும் வடிகட்டிப் பார்க்கக் கற்றார்கள். தொடர்வாரியாகத் தனித்தனித் தொகுப்புகள் போட்டு அடுக்கினார்கள். என்ன வாங்கினோம், எதுவரை படித்தோம் என்று தங்கள் கம்ப்யூட்டரில் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வகையினர், பூட்டு இல்லாத பிரதிகள் கிடைத்த காலத்திலேயே அவற்றை இறக்கித் தனித் தட்டில் சேமித்தவர்கள். 2022இல் அதிகம் அலட்டிக்கொள்ளாதவர்கள் இவர்களே. வேறு சிலர் பூட்டை உடைக்கும் வழிகளைத் தேடினார்கள். அது சட்டச் சிக்கல் உள்ள பாதை. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இந்தியாவிலும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது. பணம் கொடுத்து வாங்கியவரே திருடனைப்போலப் பின்கதவைத் தேட வேண்டியிருப்பது இந்த ஏற்பாட்டின் அவலம்.

மூன்றாம் வகையினர், பூட்டில்லாமல் விற்பவர்களிடம் நேராகப் போனார்கள். இமேஜ் காமிக்ஸ் 2013 ஜூலையிலேயே தன் தளத்தில் பூட்டில்லாப் பிரதிகளை விற்று வழிகாட்டியது. 1977 முதல் வரும் பிரிட்டனின் '2000 ஏ.டி.' வார இதழின் பிரதிகளையும் பதிப்பாளரிடமே நேராக வாங்கி இறக்கி வைத்துக்கொள்ளலாம். இப்படி வாங்கும்போது இடையில் எந்தக் கடை கைமாறினாலும் வாசகருக்குக் கவலை இல்லை.

நான்காம் வகையினர், சொந்தம் என்ற ஆசையையே விட்டுவிட்டார்கள். சந்தா கட்டிப் படிப்பதும் நூலகத்தில் எடுத்துப் படிப்பதும் போதும் என்றார்கள். மார்வல் 2007 முதலே சந்தாத் திட்டம் நடத்தி வருகிறது. அமெரிக்காவில் நூலக அட்டை இருந்தால் 'ஹூப்லா' சேவை வழியாக இலவசமாகவே காமிக்ஸ் படிக்கலாம். வாடகை என்று தெரிந்தே வாடகை கொடுப்பதில் ஏமாற்றம் இல்லை என்பது இவர்கள் வாதம்.

ஐந்தாம் வகையினர் காகிதத்துக்கே திரும்பினார்கள். மிகவும் பிடித்தவற்றைக் கெட்டி அட்டைத் தொகுப்பாக வாங்கி அலமாரியில் வைத்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மறக்கக்கூடியவற்றை மட்டும் டிஜிட்டலில் படித்தார்கள்.

காமிக்ஸாலஜியை உருவாக்கிய ஸ்டைன்பெர்கரே, தம் பழைய சகாவான சிப் மோஷருடன் சேர்ந்து 2023இல் தொடங்கிய புதிய பதிப்பகத்தில் அச்சுப் பிரதிகளை வெளியிட்டதோடு, வாங்கியவர் மறுவிற்பனை செய்யக்கூடிய டிஜிட்டல் பிரதிகளையும் முன்வைத்தார். வாசகர்களின் மனக்குறை எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

இனி வாங்குபவர்கள் கவனிக்க

காமிக்ஸாலஜி வாசகர்களின் அனுபவத்திலிருந்து சில எளிய விதிகள் தேறுகின்றன.

வாங்கும் முன், கோப்பைச் சொந்தக் கருவியில் இறக்கி வைக்க முடியுமா, வேறு செயலியில் திறக்குமா என்று பார்க்க வேண்டும். முடியாது என்றால், அது நீண்டகால வாடகை என்று எண்ணி அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

இறக்கி வைக்க அனுமதி இருந்தால் வாங்கிய அன்றே இறக்கிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வசதியே மறைந்துவிடலாம். கிண்டில் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி வயர் மூலம் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26ஆம் தேதியோடு அமேசான் நிறுத்தியது. முன்கூட்டி அறிவிப்பு வந்தும், கடைசி நாட்களில்தான் பலர் விழுந்தடித்து இறக்கினார்கள். இறக்கியதை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் வைப்பது நல்லது. தட்டும் பழுதாகும்.

வாங்கியவற்றின் பட்டியல் ஒன்று கம்பெனியின் கையில் மட்டும் இல்லாமல் வாசகர் கையிலும் இருக்க வேண்டும். பெயர், இதழ் எண், வாங்கிய தேதி, விலை என்ற நான்கு விவரம் போதும். ஏதாவது காணாமல் போனால் கேட்பதற்கு அதுவே ஆதாரம்.

நிறுவனம் கைமாறும் செய்தி வந்தால், அதன் பிறகு வரும் மின்னஞ்சல்களை விளம்பரம் என்று ஒதுக்கக் கூடாது. கணக்கை இணைக்கக் கடைசி நாள், வசதி நிறுத்தப்படும் நாள் போன்ற முக்கியமான தகவல்கள் அவற்றில்தான் வரும். பழைய கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் இன்னும் வேலை செய்கின்றனவா என்று உடனே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், கணக்கு எந்த நாட்டுக் கடையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைக்கும் புத்தகத்தைக் காகிதத்தில் வாங்குவதே மேல். டிஜிட்டல் கணக்கு வாங்கியவர் பெயரில் இருப்பது. சொத்தைப் போல அது கைமாறுவதில்லை.

டிஜிட்டல் காமிக்ஸ் கெடுதல் என்பது இதன் பொருள் அல்ல. கடையே இல்லாத ஊர்களுக்குக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். கிடைக்காத பழைய இதழ்களை மீண்டும் படிக்கவைத்ததும் அதுதான். ஆனால் கம்பெனிகள் இனியும் கைமாறும். ஒவ்வொரு முறையும் வாசகரின் அலமாரியும் சேர்த்தே பேரம் பேசப்படும். அந்த அலமாரியில் தனக்கென்று ஒரு பிரதியாவது எடுத்து வைத்திருக்கும் வாசகர்தான் அன்று நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பார்.